சுவர்க் கடிகாரம் மணியைத் தப்பாக அடிக்கிறது: பழைய இழையைத் தேடிப் பிடித்த கதை (முந்தைய தலைப்பு: ஒரு சின்ன உதவி)

ஊசலாடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. பல வருடங்களுக்கு முன் இந்த மன்றத்தில் ஓர் இழையைப் படித்தேன். சாவி கொடுக்கிற பழைய சுவர்க் கடிகாரம் ஒன்று. முள் ஒன்பதைக் காட்டும், மணி நான்கு அடிக்கும். அதைச் சரிசெய்யும் விதத்தை ஒருவர் நோட்டுத் தாளில் நீல மையால் படம் வரைந்து விளக்கியிருந்தார். தாளின் ஓரத்தில் மை சிந்திய கறைகூடக் கண்ணில் நிற்கிறது. தலைப்பு மட்டும் சுத்தமாக நினைவில்லை.

இப்போது என் கடிகாரத்துக்கும் அதே நோய் வந்திருக்கிறது. தேடல் பெட்டியில் 'மணி' என்று போட்டால் முடிவுகள் எதுவும் இல்லை என்கிறது. இத்தனை வருடத்தில் ஒருவர்கூட மணி என்று எழுதவில்லையாம்! 'கடிகாரம்' என்று போட்டால் 38 பக்கம் வருகிறது, அதில் பாதி கைக்கடிகாரத்துக்கு எந்தப் பட்டை நல்லது என்ற சண்டை. 'கடிகாரம் மணி அடித்தல்' என்றால் மறுபடியும் பூஜ்யம்.

2012 வாக்கில் என்று நினைக்கிறேன். எழுதியவர் பழையபேப்பர் அண்ணன் என்று ஞாபகம். யாருக்காவது தெரியுமா?

துருவாணி

மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். முதலில் தேடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

ஊசலாடி

அண்ணே, எப்படித் தேடுவது என்பதுதானே கேள்வியே?

நடுநிசி

துருவாணி சொல்வதை விடுங்கள், அவர் எல்லோருக்கும் இதைத்தான் சொல்வார்.

'மணி' ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். இதைப் போன்ற பழைய தளங்களில் பெரும்பாலும் பின்னால் இருப்பது மைசீக்வல் என்ற தரவுத்தள மென்பொருள். அதன் பழைய மைஐசாம் வகை அட்டவணையில் முழு உரைத் தேடல் 4 எழுத்துக்குக் குறைவான சொற்களைக் கண்டுகொள்ளாது. பிறகு வந்த இன்னோடிபி அட்டவணையில் அந்த எல்லை 3. நிர்வாகி மாற்றினால் ஒழிய இவைதான் இயல்பாக இருக்கும் அளவுகள்.

சரி, 'மணி'யில் எத்தனை எழுத்து? நமக்கு இரண்டு. கணினிக்கு மூன்று: ம, ண, அப்புறம் அந்த இகரக் கொக்கி. எல்லை நான்கு என்றால் மூன்று எழுத்துச் சொல் வாசலிலேயே நின்றுவிடும். 'ஊசல்' நமக்கு மூன்று எழுத்து, கணினிக்குப் புள்ளியையும் சேர்த்து நான்கு. அது உள்ளே போய்விடும். போட்டுப் பாருங்கள், ஏதாவது வரும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மைஐசாமில் இயல்பான முறையில் தேடும்போது, பாதிக்கு மேற்பட்ட பதிவுகளில் இருக்கும் சொல் பயனற்றதென்று ஒதுக்கப்படும். அதாவது, எல்லோரும் கடிகாரத்தைப் பற்றியே பேசுகிற தளத்தில் 'கடிகாரம்' என்று தேடினால் ஒன்றுமே வராமல் போகலாம். உங்களுக்கு 38 பக்கம் வந்ததே பெரிய விஷயம்.

ஆகவே 'முடிவுகள் இல்லை' என்று வந்தால் அந்தச் சொல் இங்கே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது தேடாமலே கையை விரித்திருக்கலாம்.

ஊசலாடி

'ஊசல்' போட்டேன். ஏழு முடிவுகள் வந்தன, ஏழும் இயற்பியல் வீட்டுப்பாடம்.

மொட்டைமாடி

தளத்தின் தேடல் பெட்டியை நான் தொடுவதே இல்லை. கூகுளில் ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி, அதை ஒட்டி இந்தத் தளத்தின் முகவரி. பிறகு ஓர் இடைவெளி விட்டுத் தேட வேண்டிய சொல். இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் அந்தத் தொடரை அப்படியே தேடும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போடுங்கள். உங்கள் விஷயத்தில் 'பட்டை' என்ற சொல்லைக் கழித்தாலே பாதிக் குப்பை போய்விடும்.

2019-இலிருந்து பிஃபோர், ஆஃப்டர் என்று தேதி வரம்பும் போடலாம். ஆனால் மன்றப் பக்கங்களில் அந்தத் தேதியை நான் நம்புவதில்லை. 2010-இல் தொடங்கிய இழைக்கு 2021-இல் ஒருவர் 'நன்றி நண்பரே' என்று பதில் போட்டிருந்தால், பக்கத்தின் தேதி எதுவென்று கூகுளுக்கே குழப்பம்தான்.

முன்பு தேடல் முடிவின் பக்கத்திலேயே சேமித்த பிரதி ஒன்று கிடைக்கும். 2024-இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஊசலாடி

செய்து பார்த்தேன். 'பட்டை'யைக் கழித்தபின் நான்கு பக்கம் மிஞ்சியது. அத்தனையையும் திறந்து படித்துவிட்டேன். அலாரம் அடிக்காத கடிகாரம், பின்னோக்கி ஓடும் கடிகாரம், பல்லி புகுந்த கடிகாரம் எல்லாம் இருக்கிறது, என்னுடையது இல்லை. பல்லி இழை மட்டும் ஆறு பக்கம் போகிறது. ஒரு மணி நேரம் அதிலேயே போய்விட்டது.

கிளிஞ்சல்

ஊசலாடி, நீங்கள் தேடுவதெல்லாம் உங்கள் சொல். அவர் எழுதிய சொல் வேறாக இருக்கலாம் அல்லவா?

கொஞ்சம் அந்த ஆளாக மாறிப் பாருங்கள். வீட்டில் கடிகாரம் கோளாறு. எரிச்சலில் வந்து உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார். 'சுவர்க் கடிகாரத்தின் மணியடிக்கும் அமைப்பில் பிழை' என்றா எழுதுவார்? 'பெரிய கெடியாரம் கன்னாபின்னான்னு அடிக்குது' என்று எழுதியிருப்பார். கடிகாரம், கெடிகாரம், கெடியாரம், கிளாக், க்ளாக் என்று ஐந்து ஆகிவிட்டது பாருங்கள். ஊசலுக்குப் பெண்டுலம், பென்டுலம், குண்டு, தொங்கல். கோளாறு தெரியாதவர் கோளாற்றின் பெயரை எழுத மாட்டார், தனக்குக் கேட்பதைத்தான் எழுதுவார். பதில் சொன்னவர் வேண்டுமானால் சரியான சொல்லைப் போட்டிருப்பார். அது மூன்றாம் பக்கத்தில் கிடக்கும்.

தமிழில் கூடுதலாக ஒரு தொல்லை. 'கடிகாரம்' என்று தேடினால் 'கடிகாரத்தை', 'கடிகாரத்துக்கு', 'கடிகாரமும்' எதுவும் பல தேடல் பெட்டிகளுக்குத் தெரியாது. வேற்றுமை உருபு சேர்ந்தால் மகரம் கெட்டுத் தகரமாகிறது. அதற்கு அது வேறு சொல். தளம் அனுமதித்தால் 'கடிகார' வரை அடித்து ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். நான் எப்போதும் சொல்லின் மாறாத தலைப்பகுதியை மட்டும்தான் கொடுப்பேன்.

எழுத்துப்பிழையையும் மறக்க வேண்டாம். ஒருமுறை நான் எழுதியதை நானே தேடி, கிடைக்காமல், தளம் என் பதிவை அழித்துவிட்டது என்று நிர்வாகியிடம் சண்டைக்குப் போனேன். கடைசியில் பார்த்தால் 'முறுக்கு விசை' என்பதை நானே 'முருக்கு விசை' என்று எழுதியிருக்கிறேன்.

அரைப்புள்ளி

கிளிஞ்சல் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சரியாக எழுதிய சொல்லும் சிக்காமல் போகும்.

'கொக்கி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் பார்த்தால் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம்கூட இருக்காது. இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் விதி சொல்கிறது, ஆனால் அதைத் தேடல் மென்பொருள் மதித்துச் சமப்படுத்தினால்தான் உண்டு. இல்லையென்றால், நீங்கள் ஒரு செயலியில் அடித்த 'கொக்கி' வேறொருவர் வேறு செயலியில் அடித்த 'கொக்கி'யைக் கண்டுபிடிக்காது. ஓகார, ஔகாரத்துக்கும் இதே கதைதான். 'ஸ்ரீ' இன்னும் மோசம். அதை எழுத இரண்டு வழி இருக்கிறது, அவை இரண்டும் ஒன்று என்று விதிகூடச் சொல்லவில்லை.

வழி என்ன? சந்தேகம் வந்தால் ஒகரம், ஓகாரம் இல்லாத சொல்லாகப் பார்த்துத் தேடுங்கள்.

சில மென்பொருள்கள் உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை, அந்த இடங்களில் சொல்லை வெட்டிவிடும். 'கடிகாரம்' அவற்றுக்கு 'கட', 'க', 'ரம' என்று மூன்று துண்டு. மூன்றும் குட்டை. நடுநிசி சொன்ன நீள எல்லையில் மூன்றுமே அடிபடும். இந்தத் தளத்தில் அந்தச் சிக்கல் இல்லை, 38 பக்கம் வந்திருக்கிறதே.

இன்னும் பழைய காலத்துக்குப் போனால் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கம். 2000-த்தை ஒட்டிய பதிவுகள் பல அந்தக் குறியாக்கத்தில் இருக்கும். இன்று திறந்தால் தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். அவற்றைத் தேட உங்கள் சொல்லை ஒரு மாற்றியில் போட்டுத் திஸ்கி ஆக்கி, வருகிற அந்தக் கிறுக்கலை அப்படியே ஒட்டித் தேட வேண்டும். நான் செய்திருக்கிறேன், சில சமயம் சிக்கும். உங்கள் இழை 2012 என்றால் இது தேவைப்படாது.

படிக்கட்டு

சொல்லே வேண்டாம், ஆண்டு தெரிந்தால் போதும் என்கிற கட்சி நான்.

ஏதாவது ஓர் இழையைத் திறந்து முகவரிப் பட்டையைப் பாருங்கள். கடைசியில் ஓர் எண் இருக்கும். இழைகள் தொடங்கிய வரிசையில்தான் அந்த எண் ஏறும். இங்கே இன்றைய எண் 60 ஆயிரத்தை ஒட்டி இருக்கிறது. நடுவில் 30,000 என்று கையால் மாற்றி எண்டர் தட்டுங்கள். வந்த இழையின் தேதி 2015 என்றால் நீங்கள் இன்னும் பின்னால் போக வேண்டும். 15,000 போடுங்கள். 2009 வந்தால் கொஞ்சம் முன்னால் வாருங்கள். இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் அதிகம் போனால் 16 தடவை. குறிப்பிட்ட ஒரு நாளிலேயே போய் நிற்கலாம். நடுவில் அழித்த இழை வந்து பிழை காட்டினால் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இடம் தெரிந்தபின் அந்தப் பிரிவின் பட்டியலைத் தொடங்கிய தேதிப்படி அடுக்கித் தலைப்புகளைக் கண்ணால் மேய வேண்டியதுதான். நேரம் பிடிக்கும், ஆனால் கண்ணுக்கு எழுத்துப்பிழை ஒரு பொருட்டே அல்ல.

ஊசலாடி

நேற்று ராத்திரி உட்கார்ந்து செய்தேன். 12 தடவையிலேயே 2012-ஐப் பிடித்துவிட்டேன், அந்தக் கணம் ரொம்பப் பெருமையாக இருந்தது. பிறகு 'பழுதுபார்த்தல்' பிரிவில் அந்த ஆண்டு முழுக்க மேய்ந்தேன். இல்லை. 2011, இல்லை. 2013-லும் இல்லை. நான் கனவு கண்டேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

பழையபேப்பர்

தம்பி, என் பெயரை இழுத்ததால் வந்தேன். அந்தப் படத்தை வரைந்தவன் நானில்லை. எனக்கு நேர்கோடு போடவே வராது. ஆனால் இழை உண்மைதான், அதில் நானும் ரெண்டு வரி எழுதினேன்.

நான் எழுதிய இழைகளுக்குப் புதுப் பதில் வந்தால் அந்தக் காலத்தில் தளத்திலிருந்து மின்னஞ்சல் வரும். அவற்றை நான் அழிப்பதில்லை. (என் பெயரைப் பார்த்தாலே தெரியுமே.) அஞ்சல் பெட்டியில் 'பெண்டுலம்' என்று தேடினேன், ஒன்று வந்தது. தேதி 2009 ஜூன். அஞ்சலில் தலைப்பு இல்லை, பதிலின் முதல் வரியும் ஒரு சுட்டியும்தான். வரி இது: 'பெண்டுலத்தில் கோளாறு இல்லை, அதைக் கழற்றாதீர்கள்.' சுட்டியை அழுத்தினால் பக்கம் இல்லை என்கிறது. தளம் மென்பொருள் மாறியபோது பழைய முகவரிகள் எல்லாம் செத்துவிட்டன.

படிக்கட்டு

அடடா, அதை மறந்துவிட்டேன். மென்பொருள் மாறியபோது பழைய இழைகளுக்கெல்லாம் புது எண் போட்டார்கள் என்றால் அந்தப் பகுதியில் என் வரிசைக் கணக்கு தப்பும். மன்னிக்கவும் ஊசலாடி, ஒரு ராத்திரித் தூக்கம் என் கணக்கில்.

மொட்டைமாடி

அண்ணே, அந்தச் செத்த சுட்டியை அப்படியே இங்கே ஒட்டுங்கள். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் போட்டுப் பார்க்கலாம். 2001-இலிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பொதுவில் தெரிந்த பக்கம் என்றால் ஏதாவது ஒரு நாள் அது வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருக்கும். உள்நுழைந்தால்தான் தெரியும் பிரிவாக இருந்தால் வாய்ப்பில்லை.

ஒரு தகவல், வேபேக்கில் முழு முகவரி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தளத்தின் முகவரிக்குப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டால் அந்தத் தளத்தில் அது சேமித்துள்ள முகவரிகளின் பட்டியலே வரும்.

நடுநிசி

இதெல்லாம் பொதுவெளியில் இருந்ததால் சாத்தியம். இப்போது இதே மாதிரிக் கேள்விகள் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் நடக்கின்றன. அங்கே நடந்த பதிலை ஐந்து வருடம் கழித்துக் குழுவில் இல்லாத ஒருவர் எந்தக் கூகுளில் தேடுவார்?

துருவாணி

குழுவில் இருப்பவனே தேட முடியாது. காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்திருக்கும்.

மொட்டைமாடி

கிடைத்தது!

வேபேக்கில் இரண்டு நாள் பதிவாகியிருக்கிறது, முதல் பக்கம் மட்டும். மூன்று பக்க இழை. தலைப்பைக் கேட்டால் ஊசலாடி சுவரில் முட்டிக்கொள்வார்: 'ராத்திரி தூக்கமே போச்சு'. பிரிவு பழுதுபார்த்தல் இல்லை, அரட்டை. தொடங்கியவர் எழுதியது: 'ஹாலில் இருக்கிற பெரிய க்ளாக் ரெண்டு மணிக்குப் பதினொன்னு அடிக்குது, வீட்டில் யாரும் தூங்கலை, என்ன செய்ய?' முதல் பக்கம் முழுக்க ஆளாளுக்குக் கிண்டல், பேய்க் கதை. கடிகாரம் என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை.

தலைப்பு கிடைத்துவிட்டதால் அதை மேற்கோளுக்குள் போட்டு இந்தத் தளத்தில் தேடினேன். இழை உயிரோடுதான் இருக்கிறது, புது எண்ணில். தனிச்செய்தியில் சுட்டி அனுப்பியிருக்கிறேன்.

கிளிஞ்சல்

க்ளாக்! சொன்னேனா இல்லையா?

ஊசலாடி

சொன்னீர்கள் அக்கா, கெடியாரம் வரை தேடிவிட்டு அதோடு நிறுத்தியது என் தப்பு. ஆண்டும் தப்பு, ஆளும் தப்பு, பிரிவும் தப்பு. மைக் கறை மட்டும் சரியாக நினைவிருந்தது. அதைச் சரிபார்க்கவும் வழியில்லை. மூன்றாம் பக்கத்தில் படம் இருந்த இடத்தில் ஓர் உடைந்த சட்டம்தான் இருக்கிறது. படத்தை வைத்திருந்த இலவசத் தளம் எப்போதோ மூடிவிட்டது போல. நல்லவேளை, வரைந்தவர் கீழே வார்த்தையிலும் எழுதியிருக்கிறார். இனி யாரும் அலைய வேண்டாம் என்று, செய்து பார்த்ததை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

இந்த வகைக் கடிகாரத்தில் மணி அடிக்கும் பகுதிக்கு முள் எங்கே நிற்கிறது என்பதே தெரியாது. உள்ளே விளிம்பில் பள்ளங்கள் வெட்டிய ஒரு சக்கரம் இருக்கிறது. பள்ளங்களுக்கு இடையே உள்ள தூரம் ஒன்றைவிட ஒன்று நீளம். ஒரு சின்னக் கொக்கி அந்த விளிம்பில் ஊர்ந்துகொண்டே வரும், பள்ளத்தில் விழுந்ததும் அடிப்பது நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அடித்துக்கொண்டு போவதுதான் அதன் வேலை. 12 மணி நேரத்தில் 78 அடி. அரைமணிக்கு ஒன்று அடிக்கும் கடிகாரம் என்றால் 90. மணிப்பகுதியின் வில் தளர்ந்து அது நின்றுபோய் முள் மட்டும் ஓடினாலோ, அடித்து முடிப்பதற்குள் முள்ளை வேகமாகத் தள்ளினாலோ இரண்டும் பிரிந்துவிடும். பிரிந்தால் தானாகச் சேராது. எனக்கு நடந்தது முதல் வகை. மணிப்பகுதிக்கு ஒரு வாரம் சாவி கொடுக்க மறந்திருந்தேன். அதற்குத் தனிச் சாவித்துளை இருப்பதையே அப்போதுதான் கவனித்தேன்.

முதலில் சாவி கொடுத்தேன். ஒன்பது மணிக்கு நான்கு அடித்தது. உடனே பக்கவாட்டில் விரலை விட்டு, அந்தக் கொக்கியை மெல்ல மேலே தூக்கி விட்டேன். ஒன்று அடித்தது, அது அரைமணிக்கானது. மறுபடி தூக்கினேன், ஐந்து. மறுபடி ஒன்று. பிறகு ஆறு. ஒவ்வொன்றும் அடித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும், அவசரப்படக் கூடாது. பத்தாவது தடவை தூக்கியபோது ஒன்பது அடித்து நின்றது. முள்ளை நான் தொடவே இல்லை. ஒன்பதரைக்கு ஒன்று அடித்தது, பத்துக்குப் பத்து. எண்ணிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

எல்லாக் கடிகாரமும் இப்படி இல்லை. முள் நிற்கும் இடத்தைப் பார்த்து அடிக்கும் இன்னொரு வகை இருக்கிறது, அது தானே சரியாகிவிடும். பள்ளம் வெட்டிய சக்கரம் தெரிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

பழையபேப்பர்

பெண்டுலத்தைக் கழற்றவில்லையே?

ஊசலாடி

கழற்றவில்லை அண்ணே. புதுப் படம் ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன். இந்த முறை வேறு எங்கும் ஏற்றாமல் இங்கேயே இணைப்பாகப் போடுகிறேன்.

துருவாணி

எல்லாம் சரி தம்பி. இந்த இழைக்கு என்ன தலைப்பு வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு தடவை மேலே போய்ப் பாருங்கள்.

ஊசலாடி

ஐயையோ. 'ஒரு சின்ன உதவி.'

மட்டுறுத்துனர்

தலைப்பை மாற்றிவிட்டேன், பழையதை அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன். அரட்டையிலிருந்து பழுதுபார்த்தலுக்கும் நகர்த்தியாயிற்று. 2009 இழையின் கடைசியில் இதற்கு ஒரு சுட்டி போட்டிருக்கிறேன். கெடியாரம், க்ளாக், பெண்டுலம் எல்லாவற்றையும் குறிச்சொற்களில் சேர்த்தாயிற்று. 'மணி'யை மட்டும் பெட்டி ஏற்க மறுக்கிறது, மிகக் குட்டையான சொல்லாம்.